ஐந்தாம் புள்ளி

எங்கள் அச்சகத்தில் அவரைப் பெரும்புள்ளி என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். வெளியிலிருந்து முதல்முறை வருகிறவர்கள், முதலாளிக்குச் சம்பந்தியோ என்னவோ என்று நினைத்து நாற்காலியை விட்டு எழுந்து நிற்பதும் உண்டு. அவருக்குக் கண் தெரியாது. பார்வையில்லாத பிள்ளைகள் விரலால் தடவிப் படிக்கிற பிரெய்ல் பாடப்புத்தகங்களை அச்சடிப்பது எங்கள் தொழில். அடித்த முதல் பிரதியைத் தடவிப் பார்த்துப் பிழை சொல்வது அவர் தொழில். நாள் முழுக்கப் புள்ளிகளோடு புழங்குகிற மனிதருக்கு வேறென்ன பெயர் வைப்பது? அந்தப் பெயரை வைத்ததே அவர்தான் என்று ஒரு பேச்சு இருந்தது. கேட்டால் மறுக்கமாட்டார்.

"நான் பெரிய ஆளுன்னு ஊர் சொல்றதுக்கு லேட்டாகும்போல இருந்துச்சு. நானே ஆரம்பிச்சு வெச்சேன்" என்பார்.

என்னை அவர் 'பட்டதாரி' என்று கூப்பிடுவார். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, எங்கள் வம்சத்திலேயே முதலில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான்தான் என்று பெருமையாகச் சொன்னேன். இன்றைக்கும் அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. என் அப்பா எனக்குக் கட்டிய கல்லூரிக் கட்டணம் அத்தனையும் அவர் முதுகு வளைந்து சம்பாதித்தது. அதனால் பெரும்புள்ளி என்னைக் கிண்டலாகப் பட்டதாரி என்று கூப்பிட்டாலும் எனக்கு அது பதக்கம் குத்திவிட்ட மாதிரிதான் இருக்கும். கணினி படித்துவிட்டு அச்சகத்துக்கு வந்தவன் நான். பிரெய்லைக் கண்ணால் படிக்க இங்கே வந்துதான் கற்றுக்கொண்டேன். விரலால் இன்றுவரை வரவில்லை.

அவர் வேலை செய்வதைப் பார்க்கவேண்டும். ஜன்னலோரம் நீளமான மேசை. இந்தப் பக்கம் அவர், எதிரே வாசிக்கிற அக்கா. அக்கா மூலப் புத்தகத்தைச் சத்தம் போட்டு வாசிப்பார். அவர் வலது கை ஆள்காட்டி விரல் தாளின்மேல் எறும்பு ஊர்வதுபோல ஓடும். சரியாக இருந்தால் "ம்." பிழை இருந்தால் "இரு." காலையிலிருந்து மாலைவரை அந்த அறையிலிருந்து வெளியே வருகிற சத்தம் இவ்வளவுதான். நடுவில் இருவருக்கும் சண்டை வரும்.

"மூச்சு விடாம வாசிக்கிறியே, வீட்ல அடுப்புல எதையாவது வெச்சிட்டு வந்தியா?"

"நீங்க 'ம்' கொட்டற வேகத்துக்குத்தான் அண்ணே வாசிக்கிறேன். கதை கேக்கற குழந்தைகூட இவ்ளோ வேகமா 'ம்' கொட்டாது."

அவர் விரலைப் பற்றி அவருக்குக் கர்வம் அதிகம். வீட்டில் பாத்திரம் கழுவமாட்டார், துணி பிழியமாட்டார், நுனித்தோல் தடித்துப்போகுமாம். "விரலைக் காரணம் காட்டி வீட்டு வேலையில இருந்து தப்பிச்ச ஒரே ஆம்பளை இவர்தான்" என்பார் அவர் மனைவி, எங்களுக்கு அண்ணி. சீட்டுக்கட்டின் ஓரத்தில் ஊசியால் அடையாளம் குத்தி வைத்துக்கொண்டு எங்கள் எல்லாரையும் மதிய இடைவேளையில் மொட்டையடிப்பார். காலடிச் சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்கிறார் என்று புதிதாக வருகிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். வாசல் காவலாளி, வருகிறவர் பெயரை ஏழு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொல்லித்தான் உள்ளே விடுவார் என்பது அவர்களுக்குத் தெரியாது.

இப்படிப்பட்ட மனிதர் சில மாதங்களாகச் சிரிப்பதைக் குறைத்துக்கொண்டே வந்தார்.

முதலில் வந்த தாள் எல்லாரையும் சிரிக்கத்தான் வைத்தது. ஒரு பள்ளியிலிருந்து ஆசிரியை திருப்பி அனுப்பியிருந்தார். 'மாடு புல் மேயும்' என்று இருக்கவேண்டிய இடத்தில் 'நாடு புல் மேயும்' என்று இருந்தது. பிள்ளைகள் சிரித்து வகுப்பே நடக்கவில்லையாம்.

"உள்ளதைத்தானே சொல்லியிருக்கு" என்றார் பெரும்புள்ளி. அறையே அதிர்ந்தது.

அடுத்து 'அம்மா தலை வாரினாள்' என்பது 'அம்மா தரை வாரினாள்' என்று வந்தது. அதற்கும் சிரித்தோம். ஆனால் அது நிற்கவில்லை. இந்தப் பாடத்தில் ஒன்று, அந்தப் பாடத்தில் ஒன்று என்று அவர் பார்த்து அனுப்பிய புத்தகங்களிலிருந்து தாள்கள் திரும்பி வந்தபடி இருந்தன. கணினியில் இருந்த கோப்பைத் திறந்து பார்த்தேன். பிழை கோப்பிலேயே இருந்தது. ஆகவே புள்ளி அடிக்கிற மெஷின்மேல் பழி போட வழியில்லை.

எங்கள் அச்சகத்தில் ஒரு பழக்கம். அவர் பார்த்துப் பிழை சொன்ன முதல் பிரதியைத் திருத்தம் முடிந்த கையோடு, மூட்டை கட்டுகிற இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். கெட்டியான தாள், புத்தகக் கட்டுகளுக்கு நடுவே வைத்துக் கட்ட அதைவிட நல்லது கிடையாது. அதனால் அவர் விரல் உண்மையில் எதைத் தொட்டது என்று பிறகு பார்க்க முடியாது. கோப்பில் பிழை இருந்தால் விரல் தவறவிட்டது என்றுதான் அர்த்தம். அச்சகம் தொடங்கிய நாளிலிருந்து அதுதான் வழக்கு. கணினி தப்பு செய்யாது, ஆள்தான் செய்வான்.

இதற்குள் அவருக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்திருந்தது. மருத்துவர் மெல்லிய நைலான் இழையால் ஒவ்வொரு விரல் நுனியிலும் தொட்டு, "தெரியுதா? இப்போ?" என்று கேட்டிருக்கிறார். கடைசியில், "உணர்ச்சி கொஞ்சம் குறைஞ்சிருக்கலாம். சர்க்கரையைக் கட்டுல வைங்க, பாக்கலாம்" என்றாராம். அந்த 'இருக்கலாம்' அவரைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. அண்ணி ஒருநாள் மதியச் சாப்பாட்டைக் கொண்டுவந்தபோது என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, வீட்ல சீப்பை எடுத்து வெச்சிக்கிட்டு பல்லைப் பல்லா எண்ணிக்கிட்டு இருக்காரு. கேட்டா தலை சீவறேங்கறாரு. இருக்கற நாலு முடிக்கு அரைமணி நேரமா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கண் சிரிக்கவில்லை.

மேலாளர் கெட்டவர் இல்லை. என்னையும் அக்காவையும் வைத்துக்கொண்டு, பெரும்புள்ளி இல்லாத நேரத்தில் பேசினார். "பரீட்சைத் தாள் வரப்போகுது. அதுல ஒரு புள்ளி மாறினா ஒரு பிள்ளையோட மார்க் போச்சு. அவரை பைண்டிங் பக்கம் மாத்திடலாம்னு இருக்கேன். சம்பளத்துல கைவைக்க மாட்டேன். நீங்களே பக்குவமா சொல்லுங்க."

"நான் சொல்ல மாட்டேன் சார்" என்றார் அக்கா. "அந்த மனுஷன்கிட்ட போய் உங்க விரல் செத்துப்போச்சுன்னு சொல்ற வாய் எனக்கு இல்ல."

நானும் சொல்லவில்லை. ஆனால் இந்த மாதிரிப் பேச்சுக்குக் கால் முளைக்க எவ்வளவு நேரமாகும்? மறுநாள் அவர் என்னிடமே கேட்டார்.

"பட்டதாரி, பைண்டிங் அறையில ஃபேன் இருக்கா?"

"ஏன் அண்ணே?"

"இல்ல, குடிபோகப் போற வீடு. காத்து வருமான்னு கேட்டு வெச்சிக்கறேன்."

அந்த வாரத்தில்தான் கணினி ஒருநாள் என் கண்முன்னே உறைந்து நின்றது. வாங்கிச் சில மாதங்களே ஆன புதுக் கணினி. பழையது ஆடி அசைந்து ஓய்ந்ததும் இதை வாங்கினார்கள். அணைத்துப் போட்டேன், ஒன்றும் நடக்காததுபோல ஓடியது. ஆனால் எனக்கு ஒரு பொறி தட்டியது. திரும்பிவந்த தாள்கள் எல்லாமே இந்தக் கணினி வந்ததற்குப் பிறகு அடித்தவை. அவருடைய சர்க்கரையும் அதே சமயத்தில் வந்ததால் எல்லார் கண்ணும் அந்தப் பக்கமே போயிருந்தது.

மறுநாள் காலையில் பென்டிரைவில் மெமரி சோதனையைப் போட்டு ஓட்டினேன். விஷயம் எளிது. கணினியின் ரேம் என்பது ஒரு பெரிய தியேட்டர். சில இருக்கைகளில் ஆளை உட்காரவைத்து, சிலவற்றைக் காலியாக விட்டு, சற்று நேரம் கழித்து எல்லாம் விட்டபடியே இருக்கிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. முதல் சுற்று சுத்தம். இரண்டாம் சுற்றில் சிவப்பாக ஒரே ஒரு வரி: ஓர் இருக்கை விட்டபடி இல்லை. மூன்றாவதும் நான்காவதும் மறுபடி சுத்தம்.

கணினி விற்ற கடையின் டெக்னீஷியனுக்குப் போன் செய்தேன்.

"நாலு ரவுண்ட்ல ஒண்ணா? அதெல்லாம் எரரே இல்ல தம்பி. நாங்க அதைத் தும்மல்னு சொல்லுவோம். புது மெஷின், செட் ஆகற வரைக்கும் ரெண்டு தும்மல் தும்மும். மறுபடி ஓட்டினா பாஸ் ஆச்சில்ல? அவ்ளோதான். எங்க கடையில பாஸ் ஆகற வரைக்கும் ஓட்டித்தான் குடுப்போம்."

பாஸ் ஆகிற வரைக்கும் ஓட்டுவார்களாம்! பரீட்சையில் பையன் தேறுகிறவரை கேள்வித்தாளை மாற்றிக்கொண்டே இருப்பதுபோல.

"சார், மழை பெய்யாத நாள்ல ஒழுகலைன்னா அது நல்ல கூரை ஆயிடுமா? ஒரு தடவை ஒழுகிச்சின்னா ஓட்டை இருக்குன்னு தானே அர்த்தம்? மெமரி சோதனையில சரியான எண்ணிக்கை ஒண்ணே ஒண்ணுதான். பூஜ்யம்."

"நீங்க புஸ்தகத்துல படிச்சதைப் பேசறீங்க."

"புஸ்தகத்துலதான் சார் படிச்சேன். எங்க வீட்ல அதைப் படிக்கறதுக்கு மூணு தலைமுறை காத்துக்கிட்டு இருந்தாங்க."

அவர் போனை வைத்துவிட்டார். மேலாளர் தயங்கினார். "கடைக்காரங்களே ஒண்ணுமில்லைன்னு சொல்றாங்களே. வேலை குவிஞ்சு கிடக்கு."

"ஒண்ணுமில்லைன்னா ரெண்டு நாள்ல தெரிஞ்சிடும் சார். ஒண்ணு இருந்தா, நாம ஒரு மனுஷனை வீணா பைண்டிங் அறைக்கு அனுப்பறோம்."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். அங்கே வேலையில்லாமல் பெரும்புள்ளி உட்கார்ந்திருந்தார். விரலை மேசை விளிம்பில் தேய்த்துக்கொண்டிருந்தார். "சரி, ரெண்டு நாள்" என்றார் மேலாளர்.

கணினிக்குள் இரண்டு ரேம் இருந்தன. இரண்டையும் சேர்த்து ஓட்டினால் யார் குற்றவாளி என்று தெரியாது. ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதை மட்டும் வைத்து ஓட்டினேன். நாள் முழுக்க ஓடியும் சுத்தம். மறுநாள் அதைக் கழற்றிவிட்டு இரண்டாவதைப் போட்டேன். காலை முழுவதும் அதுவும் சுத்தமாகத்தான் இருந்தது.

பெரும்புள்ளி என் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் தாங்கமுடியவில்லை.

"என்ன பட்டதாரி, மூச்சு சத்தம் பெரிசா வருது?"

"இன்னும் ஒண்ணும் வரலை அண்ணே."

"வரலைன்னா நல்ல மெஷின்னு அர்த்தம். சந்தோஷப்படு" என்றார். குரலில் ஒரு சொட்டுச் சந்தோஷம் இல்லை.

சாப்பாட்டு நேரம் தாண்டியது. வெயில் ஏறி அறை சூடானது. முதல் சிவப்பு வரி வந்தது. சற்று நேரத்தில் இன்னொன்று. நான் நாற்காலியைத் தள்ளிய வேகத்தில் அது கவிழ்ந்தது.

"யாரு விழுந்தது?"

"நாற்காலி அண்ணே! வந்திடுச்சு! ரெண்டும் ஒரே இடத்துல வந்திருக்கு. சூடானாதான் வருது."

ரேமை மாட்டுகிற ஸ்லாட்டில் கோளாறு இருந்தாலும் இப்படி வரலாம். அந்தச் சந்தேகமும் தீரவேண்டும். அதே ரேமைப் பக்கத்து ஸ்லாட்டுக்கு மாற்றி ஓட்டினேன். பிழையும் கூடவே போனது. அதே இருக்கை, அதே கோளாறு. ஆள் இல்லாத இடத்தில் அதுவாக ஓர் ஆளை உட்காரவைக்கிறது. இருக்கிற ஆளை ஒருபோதும் எழுப்பிவிடுவதில்லை.

இதில்தான் முக்கியமான விஷயம் இருந்தது. பிரெய்லில் ஓர் எழுத்துக்கு ஆறு புள்ளிகள். இடப்பக்கம் மேலிருந்து கீழாக மூன்று, வலப்பக்கம் மூன்று. எங்கள் கோப்பில் ஒவ்வொரு புள்ளிக்கும் தனியாக ஓர் இடம் உண்டு. அந்தக் கெட்டுப்போன இருக்கை எந்தப் புள்ளியின் இடத்தில் விழுகிறது என்று கணக்குப் போட்டேன். ஐந்தாம் புள்ளி. வலப்பக்கத்து நடுப்புள்ளி. அவர் பிழை சொல்லி, நாங்கள் திருத்தி, மறுபடி கோப்பைச் சேமிக்கிறபோது, ஏதாவது ஓர் எழுத்து போய் அந்த இருக்கையில் உட்கார்ந்தால், இல்லாத ஐந்தாம் புள்ளி அதற்கு முளைத்துவிடும். 'ம' என்ற எழுத்தில் ஐந்தாம் புள்ளியைச் சேர்த்தால் 'ந.' 'ல'வில் சேர்த்தால் 'ர.' மாடு நாடாகிவிடும், தலை தரையாகிவிடும்.

அக்கா திரும்பிவந்த தாள்களை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்து மேசையில் பரப்பினார். மேலாளரும் வந்து நின்றார்.

"நான் பாத்துச் சொல்றேன் அண்ணே" என்றேன்.

"நீ கண்ணால பாப்பே. நகரு" என்றார் பெரும்புள்ளி. "என் மேல சொன்ன குத்தம். நானே தொட்டுப் பாக்கறேன்."

முதல் தாள். விரல் ஓடி, 'நாடு' என்ற இடத்தில் நின்றது. "ஐந்து. கூடுதலா." அடுத்த தாள். "ஐந்து." மூன்றாவது. "இதுவும் ஐந்துதான், திருட்டுப்பய புள்ளி." ஒவ்வொன்றுக்கும் அவர் குரல் ஒரு படி ஏறியது. அக்கா புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். மேலாளர் முகத்தில் அசடு வழிந்தது, ஆனாலும் சிரித்தார். "பெரும்புள்ளிக்கே ஒரு புள்ளி சூனியம் வெச்சிருக்கு பாருங்க" என்றார்.

இன்னும் ஒரு தாளே மீதி இருந்தது. அதில் ஓரிடத்தில் விரல் போய் நின்றது. போன வழியே திரும்பி வந்தது. மறுபடி போனது.

"அண்ணே?"

"ஏம்மா, இந்த வரியை மூலத்துல வாசி."

அக்கா புத்தகத்தைப் புரட்டி வாசித்தார். "படகுகள் கடலுக்குள் சென்றன. மாலையில் அவை கரைக்குத் திரும்பின."

"இங்க 'அலை'ன்னு இருக்கு. மாலையில் அலை கரைக்கு." அவர் விரலை எடுக்கவில்லை. "பட்டதாரி, 'வ'வை 'ல' ஆக்க உன் ரேமால முடியுமா?"

நான் பார்த்தேன். 'வ'வில் ஆறாம் புள்ளி உண்டு. 'ல'வில் அது கிடையாது. இங்கே ஒரு புள்ளி குறைந்திருக்கிறது, அதுவும் ஆறாம் புள்ளி. அந்த ரேம் புள்ளியைச் சேர்க்குமே தவிர எடுக்காது. சேர்ப்பதும் ஐந்தாம் புள்ளியை மட்டும். எங்கள் தட்டச்சில் ஆறு புள்ளிக்கும் ஆறு விசை, சேர்த்து அழுத்த வேண்டும். தட்டச்சு செய்தவரின் விரல் ஆறாம் விசையில் சரியாக விழவில்லை. அப்படியானால் இந்தப் பிழை முதல் பிரதியிலேயே இருந்திருக்கிறது. இவர் விரல் அதன்மேல் ஓடியிருக்கிறது. "ம்" என்று சொல்லியிருக்கிறார்.

மேலாளர்தான் முந்திக்கொண்டார். "அட விடுங்க. படகு போச்சு, கடல், கரைன்னு வாசிச்சா யாருக்கும் அலைன்னுதான் தோணும். இத்தனைல ஒண்ணுதானே?"

"அந்தக் கடைக்காரரும் அதைத்தான் சார் சொன்னாரு. ஒண்ணுதானேன்னு."

சொன்னது பெரும்புள்ளி. அவரே தொடர்ந்தார். "இந்தப் பையன் ரெண்டு நாளா அந்த மெஷினை விடலை. ஒண்ணு வந்தாலும் ஓட்டை இருக்குன்னு சண்டை போட்டான். மெஷினுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?"

"நீங்க மெஷின் இல்ல அண்ணே" என்றார் அக்கா. குரல் உடைந்திருந்தது.

"அதான் பயமா இருக்கு. அந்த ரேமைக் கழட்டிக் குடுத்தா கடைக்காரன் வேற குடுப்பான்" என்றபடி வலது ஆள்காட்டி விரலை நிமிர்த்திக் காட்டினார். "இதுக்கு எந்தக் கடையில வாரண்டி? பட்டதாரி, எனக்கும் ஒரு சோதனை ஓட்டு. ரெண்டையும் சேத்துப் போட்டா தெரியாதுன்னியே. ஒவ்வொரு விரலா ஓட்டு."

கெட்ட ரேமைக் கடையில் கொடுத்து வேறு வாங்கிவந்தேன். தும்மல் என்று சொன்ன டெக்னீஷியன், பிழை விழுந்த திரையின் படங்களைப் பார்த்துவிட்டு வாய் பேசாமல் எடுத்துக் கொடுத்தார். புதியதை முழுக்கச் சோதித்தேன். பூஜ்யம். அதற்குப் பிறகு நிதானமாக உட்கார்ந்து அவருக்கான தாள்களைத் தயாரித்தேன். சாதாரணப் பாடங்கள், ஆங்காங்கே ஒரு புள்ளியைக் கூட்டி, ஒரு புள்ளியைக் குறைத்து. எங்கே என்று எனக்கு மட்டும் தெரியும். ஒரு தாளில் மட்டும் வேண்டுமென்றே எதையும் மாற்றவில்லை. பிழை இல்லாத இடத்தில் பிழை என்று சொல்வதும் பிழைதானே.

அன்று அண்ணியும் வந்திருந்தார். மூலத்தை யாரும் வாசிக்கக்கூடாது என்று பெரும்புள்ளி சொல்லிவிட்டார். காது விரலுக்கு உதவி செய்துவிடுமாம்.

முதலில் வலது ஆள்காட்டி விரல். வழக்கமான வேகத்தில் பாய்ந்தது. பல பிழைகளைச் சொன்னார். இரண்டை அப்படியே தாண்டிப் போனார். இரண்டும் புள்ளி குறைந்தவை. நான் மறைக்கவில்லை; எந்த வரி என்று சொன்னேன். திரும்பப் போய் விரலை அழுத்தி அழுத்தித் தொட்டார். "ம்" என்றார். அது வழக்கமான "ம்" இல்லை. அண்ணி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"அடுத்தது" என்றார் அவர்.

இடது ஆள்காட்டி விரல். அந்த விரல் இத்தனை வருடமாக வரியின் தொடக்கத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிற வேலையை மட்டும்தான் செய்திருந்தது. நடக்கப் பழகுகிற பிள்ளையைப்போல ஒவ்வோர் எழுத்தாக நகர்ந்தது. ஒரு தாளுக்கு வலது கை எடுத்த நேரத்தைப்போலப் பல மடங்கு. மேலாளர் கடிகாரத்தைப் பார்ப்பதை நான் பார்த்தேன். ஆனால் ஒரு பிழையையும் அது விடவில்லை. புள்ளி கூடியதும் குறைந்ததும், எல்லாவற்றையும் பிடித்தது.

கடைசியாக, நான் எதையும் மாற்றாத தாள்.

அவர் மேலிருந்து கீழே வரை போனார். ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி மேலே போனார். நெற்றியில் வியர்வை அரும்பியது. அக்கா என்னைப் பார்த்தார். நான் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டேன். ஓரிடத்தில் நின்று, நகர்ந்து, திரும்பி வந்து அதே இடத்தில் நின்றார். பிழை இருக்கிறது என்று சொல்லிவிடப்போகிறார் என்றே நினைத்தேன். அத்தனை நாள் கெட்ட பேர் வாங்கிய மனிதருக்கு எங்கேயும் பிழை இருப்பதாகத்தான் தோன்றும்.

கடைசி வரியைத் தடவி முடித்துக் கையை எடுத்தார்.

"இதுல ஒண்ணும் இல்ல."

அண்ணி என் முகத்தைப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்லைங்கறேன். நல்லாப் பாத்துட்டேன். சுத்தமான தாள்."

நான் வேகமாகத் தலையாட்டினேன். தலையாட்டினால் அவருக்கு எப்படித் தெரியும் என்பது அப்புறம்தான் உறைத்தது. "ஆமாண்ணே. ஒண்ணும் இல்ல. நான் அதுல எதையும் மாத்தலை" என்றேன்.

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "படுபாவி" என்றார். "கொன்னுட்டே."

மேலாளர் தொண்டையைக் கனைத்தார். "பரீட்சைத் தாளை இந்தத் தடவை வெளியில குடுத்துப் பாத்துக்கறேன். அவ்ளோ அவசரத்துல உங்களைத் தள்ள மாட்டேன். பாடப்புத்தகம் எல்லாம் நீங்கதான். மெதுவா ஆனாலும் பரவாயில்ல. அப்பப்போ இந்த மாதிரி ஒரு சோதனை வெச்சுக்குவோம்."

"அப்பப்போ இல்ல சார். வாராவாரம். இந்த விரலும் ஒருநாள் கைவிடும். அன்னைக்கு நானே ஃபேனை விசாரிச்சிக்கிட்டு பைண்டிங் அறைக்குப் போயிடறேன். அதுவரைக்கும் யாரும் எனக்குப் பாவம் பாத்து 'ஒண்ணுதானே'ன்னு சொல்லக்கூடாது."

அண்ணி அருகில் வந்து அவர் தோளைத் தொட்டார். "கிளம்பலாமா?"

"கிளம்பறதா? மணி என்ன ஆச்சு? ஏம்மா, அந்தப் புதுப் பாடத்தை எடு."

அக்கா புத்தகத்தைப் பிரித்து உட்கார்ந்தார். வழக்கமான வேகத்தில் முதல் வாக்கியத்தை வாசித்துவிட்டு, அடுத்ததைத் தொடங்கினார்.

"இரு" என்றார் பெரும்புள்ளி. இடது விரல் இன்னும் இரண்டாவது சொல்லிலேயே இருந்தது.

"தப்பா அண்ணே?"

"தப்பில்ல. நான் இன்னும் அங்க வரலை."

அக்கா புத்தகத்தை மடியில் தாழ்த்திவிட்டுக் காத்திருந்தார்.